வாய் கட்டிய வால்வு

காது மூடியை மாட்டிக்கொண்ட பிறகுதான் டயர்க்கடைக்காரிக்கு நன்றாகக் காது கேட்கும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். ஒலிபெருக்கி, கைதட்டல், பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் அந்தப் பஞ்சு மூடிக்கு வெளியே நின்றுவிடும். அடியில் ஓடுகிற கம்ப்ரெசர்களின் முனகல் மட்டும், குளத்துக்குள் மூழ்கியவளுக்குக் கரையின் சத்தம் கேட்பது போல, மெல்ல மெல்ல வந்து சேரும்.

அது பள்ளிப் பிள்ளைகளின் ரோபோ போட்டி. பெரிய விளையாட்டரங்கத்தின் பின்பாதியைத் துணித் தடுப்பு போட்டு அறை அறையாகப் பிரித்து, அணிக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். பிட் என்று அதற்குப் பெயர். பிட்டுக்குப் பிட் ஒரு மேசை, ஒரு கருவிப் பெட்டி, குடலை வெளியே போட்டுக்கொண்டு கிடக்கும் ஒரு ரோபோ, அதற்குக் காற்று அடைக்க ஒரு சின்ன கம்ப்ரெசர். ரோபோவின் கை நீள்வதும் மடங்குவதும் காற்றால்தான். காற்று இல்லையென்றால் அது சக்கரம் வைத்த வெறும் பெட்டி.

இருபது வருஷமாகக் காற்றோடு குடித்தனம் நடத்துகிறவள் என்பதால், பிட்களில் காற்று வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பச்சை மேலங்கி ஒன்றும் கொடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டே நாளில் அவளுக்குக் 'காத்தக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கூரையில் பால் நிறத் தகடுகள் பதித்திருந்தார்கள். மதிய வெயில் அவற்றின் வழியாக வடிந்து இறங்கும்போது வெயிலாகவே இல்லை. வெளிச்சத்தில் தூசி கீழே விழாமல் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு நடுவே காது மூடியோடு நடந்துபோக, அவளுக்குத் தான் நடப்பதாகவே தோன்றவில்லை. பிட்கள்தான் ஒவ்வொன்றாகத் தன்னைக் கடந்து மிதந்து போவதாகத் தோன்றியது. பிள்ளைகள் வாயசைத்தார்கள், சிரித்தார்கள், திருகாணியைத் தவறவிட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்தார்கள். டேங்குகளுக்குள் காற்று நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இத்தனை பேர் விட்ட மூச்சும் அதற்குள்தான் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். யார் யாருடைய மூச்சோ ஒரு கைப்பிடி இடத்துக்குள் முட்டி மோதிக்கொண்டு, எப்போது விடுவார்கள் என்று காத்திருக்கிறது.

பெட்ரோல் என்றால் மனுஷன் பயப்படுவான். கரண்ட் என்றால் பயப்படுவான். காற்று என்றால் மட்டும் "காத்துதானே" என்பான். அந்த 'தானே'யை முதலில் சொன்னவன் கையில் கிடைத்தால் அவனோடு பேச அவளிடம் நிறைய இருந்தது. அன்று காலையில்கூட ஒருத்தன் சட்டையில் ஒட்டிய மரத்தூளை ஊதித் தள்ளக் காற்றுக் குழாயைத் தன் வயிற்றுக்கே திருப்பினான். அவள் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு, "சட்டையை உதறினாப் போகாதா? தோலுக்குள்ள காத்துப் போச்சுன்னா ஆஸ்பத்திரியில உன்னை ஊதிப் பாப்பாங்க" என்றாள். அவன் சட்டையைக் கழற்றியே உதறினான்.

எதிர் வரிசையில் அவளுடைய மகளின் பிட் இருந்தது. மகள்தான் அணித் தலைவி. பெற்றவர்கள் தங்கள் பிள்ளையின் பிட்டைச் சோதிக்கக் கூடாது என்பது விதி. அந்த வரிசையை ஓர் எலெக்ட்ரீஷியன் பார்த்துக்கொண்டார். விதி இல்லாவிட்டாலும் மகள் விட்டிருக்க மாட்டாள். "நீ எங்க பக்கம் வந்துராதம்மா. வந்தா எல்லாரும் உன்கிட்டதான் பேசுவாங்க, எங்க ரோபோவை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். தாய்க்கு உள்ளூர அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்த அணியின் ரோபோவுக்குச் 'சோம்பேறி' என்று பெயர். இரண்டு தடவை சொன்னால்தான் கையைத் தூக்கும். அந்தச் சோம்பேறி எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டது. ஆட்டத்துக்கு இன்னும் இருபது நிமிஷம். ஆறு மாதமாக வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வரைபடம் வைத்துக்கொண்டு சாப்பிட்ட பெண் அவள். இந்த ஆட்டம் போனால் அவள் முகம் எப்படி ஆகும் என்று தாய்க்குத் தெரியும்.

ஒரு கம்ப்ரெசர் ஓடும், நிரம்பும், டக்கென்று தானாக நிற்கும். அப்படி நிற்காமல் போனால் அதன் தலையில் இருக்கும் சேஃப்டி வால்வு திறந்துகொண்டு, மிச்சக் காற்றைக் கீச்சென்று கத்தி வெளியே விடும். அதுவும் திறக்காவிட்டால் டேங்க் வெடிக்கும். எதிர் வரிசையில் ஒன்று காலையிலிருந்தே அப்படிக் கத்திக்கொண்டிருந்தது. ஸ்விட்ச் ஒட்டிக்கொள்கிறது, எலெக்ட்ரீஷியன் பார்ப்பார் என்று அவள் விட்டுவிட்டாள்.

இப்போது அந்தக் கத்தல் கேட்கவில்லை. ஆனால் மோட்டார் நிற்கவில்லை.

அவள் நடுவழியில் நின்றாள். காது மூடிக்குள் ஒவ்வொரு முனகலாக ஒதுக்கிக்கொண்டே வந்தாள். இது நின்றது, அது நின்றது, அந்தப் பக்கத்தில் ஒன்று இப்போதுதான் தொடங்குகிறது. ஒன்று மட்டும் மூச்சு வாங்க இடமில்லாமல், குரல் கனத்துக் கனத்து ஓடிக்கொண்டே இருந்தது. அது மகளின் பிட் இருந்த பக்கம். பெற்றவள், விதி, பச்சை மேலங்கி எல்லாம் அங்கேயே நின்றுபோக, அவள் எதிர் வரிசைக்குப் போனாள்.

நடுவர்கள் இருவர் அப்போதுதான் மகளின் பிட்டிலிருந்து கிளம்பி அடுத்த தடுப்புக்குப் போயிருந்தார்கள். மகள் முகம் பூரித்துக் கிடந்தது. அணியில் நெட்டை என்று ஒரு பையன், கம்ப்ரெசருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையை மட்டும் திருப்பித் தோழர்களிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றாள் தாய். சத்தமாகச் சொல்லவில்லை. "ஓட வேணாம், நடந்து வாங்க. தம்பி, நீயும்தான். அதைத் தொடாதே."

"அம்மா, நான்தான் வராதேன்னு..."

"வாடி வெளிய."

அந்த 'டி' மகளுக்குப் புரிந்தது. பிட் காலியானது. தாய் கம்ப்ரெசர் பக்கம் போகவில்லை. வயர் போன வழியே நடந்து, சுவர்ப் பக்கத்தில் பிளக்கைப் பிடுங்கினாள். மோட்டார் நின்றது. தள்ளி நின்றே மீட்டரைப் பார்த்தாள். சிவப்புக் கோடு நூற்றைம்பதில் இருந்தது. முள் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. காற்றுக் குழாயின் நுனி நல்லவேளையாகத் தடுப்புக்கு வெளியே கிடந்தது. அது பாம்பு போலத் துள்ளாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத சுவரைப் பார்த்துத் திருப்பி, நுனியிலிருந்த குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள்.

காற்று வெளியே வந்தது. வெகுநேரம் வந்தது. நீலத் துணித் தடுப்புகள் ஒவ்வொன்றாக வயிறு உப்பி அமர்ந்தன. பக்கத்துப் பிட்டின் காகிதங்கள் மேசையை விட்டு எழுந்து, இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் உலாவின. பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். முள் சுழியில் வந்து படுத்த பிறகுதான் அவள் கம்ப்ரெசருக்கு அருகே போய் உட்கார்ந்தாள்.

சேஃப்டி வால்வின் தலையைப் பழைய டயர் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு விரல் அகலம். மூன்று சுற்று, நுனியை அடிச்சுற்றுக்குள் சொருகி ஓர் இழுப்பு. அவள் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் அந்த முடிச்சை அப்படிப் போடுகிற ஆள் அவள் ஒருத்திதான் என்று இதுவரை நினைத்திருந்தாள்.

"யாரு கட்டினா?"

மகள் ஓர் அடி முன்னால் வந்தாள். "நான்தான். நடுவர்கள் வந்தா ஒரு வார்த்தை பேச முடியல, அது கத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் அஞ்சு நிமிஷத்துக்குக் கட்டினேன். சும்மா கட்டலம்மா. முள்ளைப் பாக்குறதுக்குன்னே இவனை உக்கார வச்சேன். நூத்திநாப்பது வந்தா ஆஃப் பண்ணணும்னு சொல்லியிருந்தேன்."

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன்க்கா" என்றான் நெட்டை. "அந்த நடுவரம்மா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. பதில் சொன்னேன். அதுக்கப்புறம் மறந்துட்டேன்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? வால்வின் வாயைக் கட்டினால் டேங்குக்குள் காற்று குறைந்துவிடுமா? திட்டுவதற்கு இது போன்ற வாசகங்கள் அவள் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. அதற்குள் மகள் கிட்டத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"நீயும் செஞ்சதுதானேம்மா. எனக்காக."

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறு அடி பாயும் என்பார்கள். அந்த எட்டடி இதுதான்: மகள் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுடைய அப்பா லாரியோடு வெளியூர் போனால் பத்து நாள் வரமாட்டார். கடையையும் குழந்தையையும் இவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். அப்போதும் ஸ்விட்ச் ஒட்டிக்கொள்ளும், வால்வு கத்தும், தூங்குகிற குழந்தை தூக்கிவாரிப் போட்டு அழும். ஒரு மதியம் அவள் ட்யூப் ரப்பரால் வால்வைக் கட்டிவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணிமைக்காமல் முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அது ஏறும்போதெல்லாம் கையை நீட்டி ஆஃப் செய்தாள். குழந்தை மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கியது. இப்படித்தான் அந்தக் கதை வீட்டில் சொல்லப்பட்டது. சொந்தக்காரர்கள் வந்தால் சொல்லப்பட்டது, பிறந்தநாளுக்குச் சொல்லப்பட்டது. முடிச்சு எப்படிப் போட்டாள் என்பதுகூட ஒரு கயிற்றுத் துண்டில் செய்து காட்டப்பட்டது.

"காலையில நடுவர்கள் முதல் தடவை வந்தப்ப அதைத்தான் சொன்னேன்" என்றாள் மகள். "காத்து விஷயத்துல எங்க டீம் ஏன் இவ்வளவு கவனமா இருக்குன்னு கேட்டாங்க. எங்க அம்மா கண்ணை மூடாம முள்ளைப் பாத்தவங்கன்னு சொன்னேன். அந்த நடுவரம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

ஒலிபெருக்கி எங்கோ தூரத்தில் ஏதோ சொன்னது. பதினைந்து நிமிஷம். நெட்டை மெதுவாகக் கேட்டான். "அக்கா, முடிச்சை அவுத்துட்டாப் போதும்ல? வேற யாரும் பாக்கலையே. இப்ப காத்தடிச்சா ஆட்டத்துக்குப் போயிரலாம்."

போகலாம்தான். விதிப்படி வால்வைக் கட்டிய பிட்டுக்குக் காற்று நிறுத்தப்படும். இரண்டு பேர் வந்து சோதித்துக் கையெழுத்துப் போட அரைமணி நேரமாகும். அதுவரை வேறு யாரிடமும் காற்று இரவல் வாங்கவும் கூடாது. சொல்லாமல் விட்டால் ஒன்றும் இல்லை. பழைய கதையும் அப்படியே இருக்கும், சோம்பேறியும் கையைத் தூக்கும். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பெற்ற மனசு பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இல்லை. நெட்டை கவனம் தப்பினான் என்ற கோபம் மட்டும்தான் இருந்தது. அடுத்த தடவை இன்னும் நல்ல ஆளாகப் பார்த்து உட்கார வைப்பாள். அல்லது தானே உட்காருவாள், கண்ணிமைக்காமல். அந்தக் கதை இருக்கிற வரைக்கும் அவள் கட்டிக்கொண்டேதான் இருப்பாள்.

தாய் காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள். மண்டபத்துச் சத்தமெல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தது.

"குட்டி, நான் முள்ளைப் பாக்கல."

"என்னம்மா?"

"கொஞ்ச நேரம் பாத்தேன். அப்புறம் தூங்கிட்டேன்."

மகள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு நாளா நீ தூங்க விடல. மடியில நீ சூடா இருந்தே. மோட்டார் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. வால்வு கத்தியிருந்தா முழிச்சிருப்பேன். அதோட வாயைத்தான் கட்டிட்டேனே." அவள் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "கனவுல ஏதோ ஆத்துல போறேன், நீ பக்கத்துல மிதந்து வர்றே, ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டல. அவ்வளவு நல்ல கனவு. முழிச்சுப் பாத்தா நீ அழுதுட்டு இருக்கே. ஃபேன் நின்னு உனக்கு வேர்த்துப் போச்சு. கரண்ட் போயிருச்சு. முள்ளு எங்க இருந்துச்சுன்னு கேக்காதே. அது போறதுக்கு மேல இடமே இல்லை."

"அப்ப ஆஃப் பண்ணது?"

"நான் இல்ல."

பதினாறு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தாள். முதலில் மாமியாருக்குப் பயந்து மாற்றிச் சொன்னாள். பிறகு கணவருக்கு. பிறகு சொல்லிச் சொல்லி அவளுக்கே அது நடந்ததாகத் தோன்ற ஆரம்பித்தது. மகள் அதைக் கேட்டு வளர்ந்தாள், அவ்வளவுதான். ஒரு பொய் எவ்வளவு அழகாக வளரும் என்பதற்கு அந்தக் குடும்பத்தைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மகள் அந்த முடிச்சையே நெடுநேரம் பார்த்தாள். உண்மையில் அரை நிமிஷம்தான் இருக்கும். அந்த மதிய வெளிச்சத்தில் அது எங்கே முடிகிறது என்று தாய்க்குத் தெரியவில்லை. என்னிடமிருந்து இவளை இழுத்துக்கொண்டு போக இந்த ஒரு வாக்கியம் போதும் என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மகள் நெட்டையைப் பார்த்து, "எலெக்ட்ரீஷியன் சாரைக் கூப்பிட்டு வா. வால்வைக் கட்டியிருந்தோம்னு சொல்லு" என்றாள்.

"அப்போ ஆட்டம்?"

"காத்து இல்லாமப் போவோம்."

போனார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எதிரணி ரோபோக்கள் பந்துகளை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டே இருக்க, சோம்பேறி கையை மடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் வேலை இல்லாத மாமனைப் போல அரங்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு தடவை யாரையோ வழிமறித்தது. கூட்டம் சிரித்தது. கடைசி மணி அடித்தபோது மகள் கட்டுப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, எதிரணிப் பெண்ணுக்குக் கை கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கண்ணைத் துடைத்தாள். தாய் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோம்பேறியை உருட்டிக்கொண்டு திரும்பியபோது பிட் வாசலில் எலெக்ட்ரீஷியன் படிவத்தோடு நின்றார். கம்ப்ரெசரில் சிவப்புச் சீட்டு தொங்கியது. நடுவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். தகவல் அவர்களுக்கும் போயிருந்தது. கண் கலங்கிய அந்த நடுவரம்மா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மகளிடம் தயக்கத்தோடுதான் கேட்டார்.

"காலையில அப்படி ஒரு கதை சொன்ன பொண்ணு நீ. நீயாம்மா வால்வைக் கட்டினே?"

"ஆமா மேடம். நான்தான் கட்டினேன்." அவள் குரல் இடறவில்லை. "காலையில சொன்ன கதையில ஒரு தப்பு இருக்கு. எனக்கு அப்பத் தெரியாது."

திரும்பி, பத்தடி தள்ளி நின்ற தாயைப் பார்த்தாள். தாய் அந்தப் பார்வைக்கு என்னென்னவோ பொருள் தேடினாள். கோபம் இருந்தது, இல்லாமல் இல்லை. அதோடு கூடவே, சின்ன வயதில் ரோட்டைக் கடக்கும்போது இவள் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்பாளே, அந்த நிற்பும் இருந்தது.

"இங்க வாம்மா" என்றாள் மகள். "நீயே சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது."

எங்கள் பக்கம் வராதே என்று காலையில் விரட்டப்பட்டவள், துணித் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தாள். அணிப் பிள்ளைகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். சொல்ல வேண்டியதை நீட்டி முழக்க அவளுக்குத் தெரியும். ஊரிலேயே நன்றாகக் கதை சொல்கிறவள் என்ற பெயர் அவளுக்கு உண்டு. இந்த ஒரு கதையை மட்டும் எப்படிச் சுருக்குவது என்று தெரியாமல், நடுவரம்மாவின் பேனாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் முள்ளைப் பாக்கலம்மா, தூங்கிட்டேன்" என்றாள். "அன்னைக்குக் கரண்ட் போச்சு. அதனாலதான் எம் பொண்ணு இங்க நிக்கிறா."

நடுவரம்மா எதையும் எழுதிக்கொள்ளவில்லை.